லீலாபாய் மாற்றிச் சொன்ன சாட்சி

லீலாபாய் சாட்சி சொல்ல எழுந்தாள் என்றால் போதகர் ஞானதாசன் கைக்கடிகாரத்தைக் கழற்றிப் பிரசங்க மேடைமேல் வைத்துவிடுவார். அருமனைக்கு மேற்கே, ரப்பர் மரங்களுக்கு நடுவில் இருக்கிற அந்தச் சபையில் இது பச்சைப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. சினை ஆட்டுக்குக் காய்ச்சல் விட்டதையே கால்மணி நேரம் சொன்னவள். அப்படிப்பட்டவள், வீட்டுக்காரர் ஜான்ரோசுக்குப் புற்றுநோய் இல்லை என்று ரிப்போர்ட் வந்த ஞாயிற்றுக்கிழமை சும்மா இருப்பாளா? நேந்திரன் வாழைக்குலை ஒன்றைத் தலையில் சுமந்து வந்து ஆராதனை மேசைக்கு முன்னால் சார்த்தி வைத்துவிட்டுப் பெண்கள் வரிசையில் முதல் ஆளாக எழுந்தாள்.

வெளியே ஆனி மாதத்து மழை கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கும் மேலே ஏறியது அவள் குரல். எட்டு மாதம் அழுத அழுகையை விவரமாகச் சொன்னாள். மார்த்தாண்டம் ஆஸ்பத்திரியில் மூக்குக்குள்ளிருந்து இரண்டு தடவை சதை எடுத்ததைச் சொன்னாள். கடைசியில், "எனக்க வீட்டுக்காரருக்கு ஒண்ணும் இல்ல. சந்தேகம் உள்ளவங்க ரிப்போர்ட்டை வந்து பாக்கலாம். ஆண்டவர் இல்லாம ஆக்கிப்போட்டாரு" என்று முடித்தாள். இருநூறு பேரும் ஆமென் சொன்னார்கள். ஆண்கள் வரிசையில் இருந்த ஜான்ரோஸ் தலையைக் குனிந்துகொண்டார். ஆராதனை முடிந்து குலையை ஏலம் விட்டபோது, கொடுத்த ஆள் யார் என்று பார்த்து ஏலம் கேட்கிறவர்கள்கூட அன்று போட்டி போட்டுக் கேட்டார்கள்.

ஜான்ரோஸ் பால்வெட்டுக்காரர். முந்நூற்றுச் சொச்சம் ரப்பர் மரங்களைப் குத்தகைப் பாட்டத்துக்கு எடுத்து வெட்டுகிறார். வெட்டுகிறது அவர். சிரட்டையில் ஊறிய பாலைச் சேர்த்து, டிஷ்ஷில் ஊற்றி, ஆசிட் கலந்து உறைய வைத்து, உருளையில் கொடுத்து ஷீட்டாக அடிக்கிறது லீலாபாய். இருபத்தாறு வருஷமாக இப்படித்தான் குடும்பம் ஓடுகிறது. போன வருஷக் கடைசியில் அவருக்கு வலது மூக்கு அடைத்தது. ஜலதோஷம் என்றார். பிறகு ஆசிட் வாடை ஏறிப் புண்ணாகிவிட்டது என்றார். ரப்பர் வேலை செய்கிற வீட்டில் மூக்கு எரிந்தால் பழி ஆசிட்டுக்குத்தான். அடுத்த வீட்டு முத்துக்கனிக்கும் அப்படி எரிந்து தானாக ஆறியிருக்கிறது. அதனால் அதற்குமேல் யாரும் யோசிக்கவில்லை. லீலாபாய் மட்டும் அன்றிலிருந்து அவரை ஆசிட் கேனுக்குப் பக்கத்திலேயே விடவில்லை.

மூக்கு திறக்கவில்லை. கறுப்பாகப் பொருக்கு கட்டியது. பொருக்கைச் சிந்தினால் ரத்தம் வந்தது. கெட்ட வாடை வந்தது. அது அவருக்குத் தெரியவில்லை, ஏனென்றால் வாசனை பிடிக்கிற சக்தியே போய்விட்டிருந்தது. ஒருநாள் மரச்சீனிக் கிழங்கும் சாளைமீன் புளிமுளகும் வைத்திருந்தாள். இரண்டு உருண்டை தின்றுவிட்டு, கறியில் ஒரு மணமும் இல்லையே என்றார். குடம்புளியும் தேங்காயும் அரைத்து வைத்த கறியை அப்படிச் சொன்னால் எந்தப் பெண்பிள்ளைக்குக் கோபம் வராது? இரண்டு நாள் அவள் அவரோடு பேசவில்லை. மூன்றாம் நாள் ஷீட்டு அடித்துக்கொண்டிருந்தபோதுதான், குறை கறியில் இல்லை, ஆளுக்குத்தான் என்று உறைத்தது. உருளையை அப்படியே விட்டுவிட்டு மார்த்தாண்டத்துக்கு அவரை இழுத்துக்கொண்டு போனாள்.

அங்கே காது மூக்கு தொண்டை டாக்டர் சுந்தர்சிங் மருந்து கொடுத்துப் பார்த்தார். கேட்கவில்லை. ஒரு துண்டு எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மாதம் கழித்து இன்னொரு துண்டு எடுத்தார். அந்த ரிப்போர்ட்டைத்தான் லீலாபாய் போட்டோ பிடித்து தோஹாவில் ஏசி மெக்கானிக்காக இருக்கிற மகன் ரெனிஷுக்கு வாட்சப்பில் அனுப்பினாள். அவன் வேலைக்கு நடுவில் பார்த்துவிட்டுக் கூப்பிட்டான். "அம்மா, கேன்சர் அணு காணல்லண்ணு எழுதியிருக்கு. இனி பேடிக்காண்டாம்" என்றான். முழுசா வாசிச்சியா மக்கா என்று கேட்க அவளுக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் அந்தக் குலை வீட்டிலேயே பழுத்திருக்கும்.

சாட்சி சொன்ன பத்தாம் நாள் டாக்டரே போன் செய்து இருவரையும் வரச் சொன்னார். ஜான்ரோசின் வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தார். மேலண்ணத்தில் சிவப்பாக ஒரு தடிப்பு இருந்தது, போன தடவை இல்லாதது. டார்ச்சை அணைத்துவிட்டு, இன்னொரு தடவை சதை எடுக்கணும் என்றார். லீலாபாய்க்குச் சுர்ரென்று ஏறியது. இல்லை என்று எழுதி வந்ததற்கு அப்புறம் எதற்கு எடுக்க வேண்டும் என்று கேட்டாள்.

சுந்தர்சிங் கோபப்படவில்லை. ரிப்போர்ட்டை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்து விரலால் தொட்டுக் காட்டினார்.

"இந்தத் துண்டில காணல்லண்ணுதான் எழுதியிருக்கு அம்மா. ஆளுக்கு இல்லண்ணு எழுதல்ல. கீழ ஒரு வரி கிடக்கு பாருங்க. சந்தேகம் தீரல்லண்ணா ஆழத்தில இருந்து எடுத்து மறுபடி அனுப்பணும்ணு. ரெண்டு தடவையும் நான் மேலோடத்தான் எடுத்தேன். ரத்தம் நிக்காதேண்ணு ஒரு பயம். வந்ததெல்லாம் செத்த சதை. செத்த சதையை எத்தனை தடவை அனுப்பினாலும் செத்த சதைண்ணுதான் வரும்."

பிறகு பொறுமையாக விளக்கினார். டி.பி. இல்லை, பூஞ்சை இல்லை, இரண்டும் பார்த்தாயிற்று. இப்போது அவர் சந்தேகப்படுகிறது ரொம்ப அபூர்வமான ஒன்று. ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் வருகிற புற்றுநோய். அந்த வகை நோய் பெரும்பாலும் கழுத்து, கக்கம் என்று நெறிகட்டுகிற இடங்களில்தான் வரும். இது மட்டும் அங்கெல்லாம் வராமல் மூக்கில், தோலில், குடலில் வந்து உட்காரும். உட்கார்ந்த இடத்தில் ரத்தக்குழாயை அடைத்துச் சுற்றியுள்ள சதையைச் சாகடிக்கும். செத்த சதைக்கு அடியில் தான் ஒளிந்திருக்கும். அதனாலேயே டாக்டர்களுக்குச் சுலபத்தில் பிடி கொடுக்காது. மயக்கம் கொடுத்து, செத்த சதையும் உயிருள்ள சதையும் சேர்கிற ஓரத்தில் ஆழமாக எடுக்க வேண்டும். திருவனந்தபுரத்தில் அதற்கு ஆள் இருக்கிறது. சீக்கிரம் கண்டுபிடித்தால் மருந்துக்கு மசிகிற நோய், பிந்தினால் மூக்கோடு நிற்காது.

"எனக்கு வேண்டாம் சார்" என்றார் ஜான்ரோஸ். சொன்னவர் எழுந்து வெளியே போய்விட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவர் மரத்துக்கு மழைமறை பிளாஸ்டிக் ஒட்டப் போனார். ஒரு வாரம் லீலாபாய் கெஞ்சினாள், ஏசினாள், பட்டினி கிடந்தாள். ரெனிஷ் தோஹாவிலிருந்து அழுதான். முழுசாக வாசிக்காமல் சொன்னது தன் தப்பு என்றான். எதற்கும் ஜான்ரோசிடம் ஒரே பதில்தான் இருந்தது. "இல்லண்ணு சபையில சொல்லியாச்சு. இனி எதுக்கு?" அவ்வளவு பக்திமான் இல்லை அவர். பிரசங்கம் நீண்டால் பீடி குடிக்க வெளியே நழுவுகிற ஆள். இப்போது மட்டும் எங்கிருந்து வந்தது இந்த விசுவாசம் என்று லீலாபாய்க்கு மண்டை காய்ந்தது. இதற்குள் அவருக்கு வலது கன்னம் லேசாக வீங்கிவிட்டது, சாயங்காலமானால் காய்ச்சல் அடித்தது. உடுமுண்டு இடுப்பில் நிற்கவில்லை.

மழை விட்டிருந்த ஒரு காலையில் அவர் வெட்டுகிற மரத்தடிக்கே போனாள். அவர் வழக்கம்போல, முந்தின வெட்டில் காய்ந்து ஒட்டிக்கிடந்த பாலை நாடாவாக உரித்துக் கூடையில் போட்டார். அதற்கு ஒட்டுப்பால் என்று பெயர். அதை உரித்த பிறகுதான் கத்தியை வைத்துப் பட்டையைச் சீவுவார்கள். கத்தி மேலோடு போனால் பால் வராது, கூடுதல் இறங்கினால் மரத்துக்குக் காயம். அரிசி கனத்துக்கு இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போகாத கை ஜான்ரோசுக்கு.

"ஒரு காரியம் கேக்கட்டா?" என்றாள். "ஒட்டுப்பாலை மட்டும் உரிச்சிட்டு, கத்தி வைக்காம, இந்த மரத்தில பால் இல்லண்ணு ஒருத்தன் சொன்னா நீங்க என்ன சொல்லுவிய?"

"மடையன்ணு சொல்லுவேன்."

"ரெண்டு தடவையும் உங்க மூக்கில இருந்து எடுத்தது ஒட்டுப்பால்தான். கத்தி இன்னும் பட்டையில தொடல்ல. எனக்கே இது விளங்கிற்று. வெட்டுக்காரருக்கு விளங்கல்லியா?"

ஜான்ரோஸ் கத்தியைப் பட்டைமேல் வைத்தபடியே நின்றார். விளங்கிவிட்டது என்பது முகத்தில் தெரிந்தது. ஆனாலும், "விளங்குது லீலா. எண்ணாலும் வேண்டாம். சொன்னது சொன்னதா இருக்கட்டும்" என்றுவிட்டு அடுத்த மரத்துக்குப் போனார். லீலாபாய் அங்கேயே உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். இருபத்தாறு வருஷத்தில் அந்த மனுஷன்மேல் அவளுக்கு இவ்வளவு ஆத்திரம் வந்ததில்லை.

அழுது முடித்தபோது அவளுக்கு ஒன்று தெளிந்தது. சொன்னதுதானே குறுக்கே நிற்கிறது? சொன்ன வாயாலேயே மாற்றிச் சொல்லிவிட்டால் அவருக்குச் சாக்கு இருக்காது. அன்றைக்கே போதகர் வீட்டுக்குப் போனாள். ஞானதாசன் நல்ல மனுஷன், சபையில் சச்சரவு வராமல் இருந்தால் போதும் அவருக்கு. ரிப்போர்ட்டை மூக்குக்கண்ணாடி போட்டு இரண்டு தடவை வாசித்தார். வைத்தியம் பார்க்கிறதை யாரும் தடுக்கவில்லையே, ஆரவாரம் இல்லாமல் கூட்டிக்கொண்டு போனால் என்ன என்றார். அவர் வரமாட்டேன் என்கிறாரே என்று லீலாபாய் சொன்னாள். சபையில் எழுந்து சாட்சியை மாற்றிச் சொல்ல வேண்டும் என்றும் சொன்னாள்.

போதகர் தலையைச் சொறிந்தார். "சாட்சி சொல்லுகதுக்கு முறை உண்டு அம்மா. திருப்பி எடுக்கதுக்கு ஆராதனைப் புத்தகத்தில ஒரு முறையும் இல்லியே. ஆளுகளுக்க விசுவாசம் என்னாகும்?"

"முறை இல்லண்ணா ஞாயிற்றுக்கிழமைக்குள்ள உண்டாக்குங்க" என்றாள் லீலாபாய். "நான் எந்திரிப்பேன். வாச்சைக் கழத்தி வைக்காண்டாம், அதிக நேரம் எடுக்க மாட்டேன்."

விஷயம் ஞாயிற்றுக்கிழமைக்கு முன்பே ஊரில் பரவிவிட்டது. பெண்கள் ஐக்கிய சங்கத்தில் இரண்டு பேர் வந்து, ஆண்டவர் இல்லை என்றதை நீ உண்டு என்று சொல்லுவியா, நாக்கு அழுகிப்போகும் என்றார்கள். முத்துக்கனி அய்யாவழிக்காரி, சபைக்கும் அவளுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஷீட்டுக் காயப்போட்டுக்கொண்டே கேட்டவள் அவர்களிடம், நாக்கு அழுகினால் அதற்கும் மார்த்தாண்டத்தில் டாக்டர் உண்டு என்று சொல்லி அனுப்பினாள். அன்று பகல் முழுக்க லீலாபாய்க்கு அதை நினைத்து நினைத்துச் சிரிப்பு வந்தது.

ஞாயிற்றுக்கிழமை எழுந்து நின்றபோது சிரிப்பு வரவில்லை. பேசியே பெயர் எடுத்தவளுக்கு வார்த்தை வர நேரமானது. ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டாள்.

"போன மாசம் நான் இஞ்ச நிண்ணு சொன்ன சாட்சி தப்பு. ஆண்டவர் மேல தப்பு இல்ல, டாக்டர் மேலயும் இல்ல. ரிப்போர்ட்டை முழுசா வாசிக்கும் முன்ன நான் குலையைத் தூக்கிட்டு ஓடி வந்தேன். எனக்க வீட்டுக்காரருக்கு நோய் இல்லண்ணு இதில எழுதல்ல. கண்டுபிடிக்க முடியல்லண்ணுதான் எழுதியிருக்கு. இனியும் தேடணும். நீங்க ஜெபம் செய்யணும்னா அது கிட்டணும்ணு ஜெபம் செய்யுங்க."

உட்கார்ந்துவிட்டாள். யாரும் ஆமென் சொல்லவில்லை. நோய் கிட்ட வேண்டும் என்று ஜெபிக்கச் சொன்னவள் அந்தச் சபையில் அதற்கு முன் கிடையாது. சிலர் அவளைப் பார்க்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அப்புறம் போதகர் தாமாகவே பிரசங்க மேடையிலிருந்து இறங்கி வந்து முழங்கால்படியிட்டார். எல்லாரும் முழங்கால்படியிட வேண்டியதாயிற்று.

வீட்டுக்கு வந்து வேட்டியை மாற்றாமலே ஜான்ரோஸ் கேட்டார், "திருவனந்தபுரத்துக்கு எப்பம் போணும்?"

நான்கு நாள் கழித்தாவது ஒட்டுப்பால் நியாயம் அவர் மண்டையில் ஏறிவிட்டதே என்று லீலாபாய்க்கு உள்ளுக்குள் பெருமை தாங்கவில்லை. அந்த நியாயத்தை முத்துக்கனியிடம் சொன்னாள், ரெனிஷிடம் சொன்னாள், பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடமும் சொன்னாள். போகிற வழியில் சுந்தர்சிங் டாக்டரிடம் பழைய சோதனையின் மெழுகுக் கட்டைகளை வாங்கிக்கொண்டார்கள். தீப்பெட்டியில் பாதி இருக்கும். உள்ளே கடுகு அளவில் ஜான்ரோசின் சதை. அவற்றை அவள் பர்சுக்குள் வைத்து, பர்சை ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டாள்.

திருவனந்தபுரத்தில் மயக்கம் கொடுத்து ஆறு இடத்தில் எடுத்தார்கள். ரத்தம் வந்தது, நின்றது. அங்கே புற்றுநோய்ப் பிரிவில் இருந்த டாக்டர் ஜெஸ்மிக்கு மார்த்தாண்டத்தை ஒட்டிய குழித்துறைதான் சொந்த ஊர், அதனால் பேச்சில் ஒரு சங்கடமும் இல்லை. சாதாரணச் சாயம் போட்டுப் பார்த்தால் போதாது என்றாள் ஜெஸ்மி. இந்த அணுக்கள் பார்க்கச் சாதாரண வீக்கத்தில் உள்ளவை மாதிரியே இருந்து ஏமாற்றும். ஒவ்வொரு அடையாளத்துக்கும் தனித்தனிச் சாயம் போட வேண்டும். அம்பத்தாறாம் நம்பர் என்று ஒரு அடையாளம் உண்டு. நம்மில் முக்காலே மூணு வீசம் பேருக்குச் சின்ன வயதில் வந்து போன ஒரு வைரஸ் உண்டு, அதன் சுவடு அணுவுக்குள் இருக்கிறதா என்று பார்க்க வேறொரு சோதனை. எல்லாம் ஒத்து வந்தால்தான் பெயர் சொல்ல முடியும். பன்னிரண்டு நாள் ஆகும்.

அந்தப் பன்னிரண்டு நாளும் லீலாபாய் ஷீட்டு அடித்தாள். ஜான்ரோஸ் மூக்கில் பஞ்சு வைத்துக்கொண்டு மரம் வெட்டினார். வேண்டாம் என்று சொன்னாலும் கேட்கவில்லை. பதின்மூன்றாம் நாள் இருவரும் ஜெஸ்மிக்கு முன்னால் இருந்தார்கள்.

பெயர் கிடைத்துவிட்டது. எக்ஸ்ட்ராநோடல் என்.கே. டி செல் லிம்போமா. லீலாபாய் அதை ஒரு தாளில் தமிழில் எழுதி வாங்கி, எழுத்துக்கூட்டி வாசித்தாள். என்.கே. என்றால் என்ன என்று கேட்டாள். நோய்க்கிருமியைக் கண்டால் கொல்வதற்கென்றே உடம்பில் இருக்கிற காவல் அணு அது என்றாள் ஜெஸ்மி. அந்த அணுவே கெட்டுப்போய்ப் பெருகிவிட்டது. பழைய கட்டைகளிலும் தேடிப் பார்த்தார்கள், அவற்றில் செத்த சதையைத் தவிர ஒன்றும் இல்லை. இந்த ஆறில் நாலு துண்டில் தெளிவாக இருக்கிறது. உடம்பு முழுக்க ஸ்கேன் செய்ததில் வேறு எங்கும் பரவவில்லை. மூக்கோடும் மேலண்ணத்தோடும் நிற்கிறது.

"ஆசிட்டா டாக்டர்?" என்று லீலாபாய் கேட்டாள். ஆசிட் கலந்தது அவள் கை. இத்தனை மாதமாக அது அவளைத் தின்றுகொண்டிருந்தது.

"இல்லம்மா. ஆசிட்டுக்கும் இதுக்கும் ஒரு சம்பந்தமும் இல்ல. நீங்க ஒண்ணும் செய்யல்ல" என்றாள் ஜெஸ்மி. "கதிர் வைக்கணும், மருந்து ஏத்தணும். நாலஞ்சு மாசம் கஷ்டப்படுவாரு. இந்த நிலையில வந்தா பத்தில ஏழு பேருக்கு நல்லா கேக்கும். ரெண்டு மூணு மாசம் கழிச்சு வந்திருந்தா நான் இப்பிடிப் பேசமாட்டேன்."

நோய் உண்டு என்று கேட்டு லீலாபாய்க்கு அழுகை வரவேண்டும். வந்தது சந்தோஷம். சந்தோஷப்படுகிறோமே என்று வெட்கமும் வந்தது. இரண்டையும் மறைக்க முடியாமல் வெளியே வந்து, கதிர்வீச்சுப் பிரிவுக்கு முன்னால் பெஞ்சில் உட்கார்ந்தாள். கதிர் வைப்பதற்காக முகத்தில் அளவெடுக்க அவரைக் கூப்பிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். பெருமையும் அடங்கவில்லை.

"நான் ஒட்டுப்பால் பத்தி பறையல்லண்ணா நீங்க இஞ்ச வந்திருப்பியளா?"

"அதில்ல ஏட்டி" என்றார் ஜான்ரோஸ்.

"பின்ன?"

"நீ குலை கொண்டுபோன அண்ணைக்குக் காலத்தே பல்லு தேச்சப்பம் மூக்கில இருந்து சதைத்துண்டு ஒண்ணு விழுந்துது. இது போகல்லண்ணு எனக்கு அப்பமே தெரியும். சொல்லலாம்ணு வந்தேன். நீ பட்டுசேலை உடுத்தி, குலையைத் தலையில வச்சிட்டு நிக்குத. பிறவு அத்தனை பேருக்க முன்ன சிரிச்சிட்டு நிண்ணு சொன்ன. நான் திருவனந்தபுரத்துக்கு வந்து நோய் உண்டுண்ணு ஆனா, உன்னைப் பொய்க்காரிண்ணு சொல்லுவானுவ. அது எனக்குத் தாங்காது. நீயே எந்திரிச்சு தப்புண்ணு சொன்ன பிறவு எனக்கு ஒரு தடையும் இல்ல."

லீலாபாய்க்கு ஒரு நிமிஷம் விளங்கவில்லை. விளங்கியதும் அவர் தோளில் ஓங்கி ஒரு அடி வைத்தாள். வரிசையில் இருந்தவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள்.

"சாவப் பாத்தியளே! எனக்க பேருக்கு வேண்டி சாவப் பாத்தியளே!" அவளால் குரலை அடக்க முடியவில்லை. "எனக்குப் பேரும் வேண்டாம், சபையும் வேண்டாம். பொய்க்காரிண்ணு ஊரே சொல்லட்டு. எனக்கு ஆளு இருந்தா போரும்."

ஜான்ரோஸ் அடிபட்ட தோளைத் தடவிக்கொண்டார். அவர் கண்ணிலும் நீர் நின்றது. உள்ளே கதவைத் திறந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்தாள். கையிலிருந்த சீட்டைப் பார்த்து, "ஜான்ரோஸ் உண்டோ, ஜான்ரோஸ்?" என்று மலையாளத்தில் கூப்பிட்டாள்.

அவர் எழுவதற்குள் லீலாபாய் எழுந்துவிட்டாள்.

"உண்டு" என்றாள். "இஞ்ச உண்டு."